மலைக்குப் போயிட்டாக

ஏலக்காய் வாசம் அடித்தால் எல்லோருக்கும் பாயசம் ஞாபகம் வரும். எனக்கு என் ஆராய்ச்சி நெறியாளர் ஞாபகம் வருவார். வந்ததும் வயிறு எரியும். இத்தனை வருஷமாகியும் எரிகிறது. என்ன செய்வது, நான் அப்படிப்பட்ட பிறவி.

போன மாதம் தேனி பஸ் ஸ்டாண்டில் ஏலக்காய் டீயும் கையுமாக நிற்கிறேன், எதிரே ஒரு ஃப்ளெக்ஸ் பேனர். அவரேதான். முடி வெளுத்திருக்கிறது, அந்த இளிப்பு மட்டும் அப்படியே இருக்கிறது. கல்வி வரலாற்று அறிஞருக்குப் பாராட்டு விழா, நூலின் புதிய பதிப்பு வெளியீடு என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அந்த நூல் என்னுடையது. டீயைப் பாதியில் வைத்துவிட்டு விழாத் தேதியைக் குறித்துக்கொண்டேன்.

சொல்கிறேன், கேளுங்கள். நான் அனுமந்தன்பட்டிக்காரி. கல்வியின் வரலாறும் அரசியலும் என் துறை. அதிலேயே வேலை பார்த்து அதிலேயே தலை நரைத்துவிட்டேன். ஆராய்ச்சிக்குச் சேர்ந்த புதிதில், எங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் அந்தக் காலத்துப் பெண்பிள்ளைகள் ஏன் பாதியிலேயே பள்ளிக்கூடத்தை விட்டு நின்றார்கள் என்று தேடிக் கிளம்பினேன். கையில் ஒரு டேப் ரெக்கார்டர், பை நிறைய பேட்டரி. மார்க்கையன்கோட்டை, உத்தமபாளையம் என்று ஊர் ஊராகப் போய் வயதான பெண்களைப் பேசவைத்தேன். பேசவைத்தேன் என்பது பேச்சுக்குத்தான். முதல் கேசட்டுகளில் பாதி என் தொணதொணப்பு, மீதியில் பாதி கோழிச் சத்தம். வாயை மூடிக்கொண்டு கேட்க எனக்கு நாளாயிற்று.

முதன்முதலில் பேசியது என் அம்மா. மைக்கை நீட்டியதும், போட்டோ பிடிக்கப்போகிறேன் என்று நினைத்துச் சேலையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"நாலாப்பு படிக்கைல எங்கய்யா பள்ளிக்கூடத்துக்கே வந்தாக. டீச்சர்ட்ட என்னமோ சொன்னாக. அங்கனயிருந்து அப்படியே மலைக்குக் கூட்டிட்டுப் போயிட்டாக. திரும்பி வந்து போயி நின்னா, ஓம் பேர அடிச்சாச்சு, வீட்டுக்குப் போ ஆத்தான்னுட்டாக."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அழுகை வந்தால் சிரித்துவிடுவது அவள் வழக்கம்.

எங்கள் பக்கம் மலைக்குப் போவது என்றால் ஏலத் தோட்டத்துக்குக் காயெடுக்கப் போவது. காயெடுப்பு முடிந்து குடும்பம் கீழே இறங்கும்போது பள்ளிக்கூடத்தில் பிள்ளையின் பேர் இருக்காது. லீவு நாட்களை முடிவு செய்த அதிகாரிகளுக்குக் காயெடுப்பு என்று ஒன்று இருப்பதே தெரியாது. ஆனால் பெற்றோருக்குப் படிப்பில் அக்கறையில்லை என்று மட்டும் எப்படியோ தெரிந்துவிடும். என் ஆராய்ச்சியின் உயிரே இந்த இடம்தான்.

"கேசட்டையெல்லாம் குடும்மா, கேட்டுட்டுத் தர்றேன்" என்றார் நெறியாளர். அவர்கள் பேசியதை வார்த்தை மாறாமல் எழுதி வைத்திருந்ததையும் சேர்த்துக் கொடுத்தேன்; விளக்கமெல்லாம் பிறகு எழுதலாம் என்று இருந்தேன். ஒரு வருஷம் கழித்து ஒரு கட்டு ப்ரூஃபை என் மேசையில் போட்டார். என் ஊர்கள், என் அம்மா, மேலே அவர் பெயர். நன்றியுரையில்கூட நான் இல்லை. "எழுத்துப் பிழை மட்டும் பாரு, போதும்" என்றார். என் பட்டம் அவர் கையெழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

பார்த்துக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் நின்றுவிட்டேன். சென்னையில் பிறந்து வளர்ந்த மனுஷன், மலை என்பதைச் சபரிமலை என்று எடுத்துக்கொண்டிருக்கிறார்! பெண்பிள்ளைகளையெல்லாம் மாதக்கணக்கில் யாத்திரைக்கு இழுத்துக்கொண்டு போனதால்தான் பள்ளத்தாக்கில் படிப்பு கெட்டதாம். ஒரு அத்தியாயமே எழுதியிருந்தார். காயெடுப்பும் கார்த்திகையும் ஒன்றாக வருவது அவருக்கு வசதியாகப் போயிற்று. பத்து வயது தாண்டிய பெண்பிள்ளைகளை அந்த மலைக்கு எங்கே கூட்டிப்போனார்கள் என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம்.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஒற்றுப்பிழைகளை ஒன்று விடாமல் திருத்தினேன். அந்த அத்தியாயத்தின் விஷயத்தைத் தொடவில்லை. நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். கூத்தைப் பாருங்கள், ஒருத்தரும் கேட்கவில்லை. விருது கொடுத்தார்கள்.

விழாவுக்குப் போகாமல் இருப்பேனா? பட்டுச்சேலை கட்டிக்கொண்டு போனேன். பழைய மாணவி என்று மேடையேற்றினார்கள். வாழ்த்துரைக்குப் பதிலாகப் புதிய பதிப்பைப் பிரித்து, அந்த அத்தியாயத்தில் ஒரு பக்கத்தை நிறுத்தி நிதானமாக வாசித்தேன். மண்டபம் முழுக்க எங்கள் ஊர்ப்பக்கத்து ஆட்கள். முதலில் ஒருவரையொருவர் திரும்பிப் பார்த்துக்கொண்டார்கள். பிறகு நடுவிலிருந்து ஒரு அம்மாள், "ஏலே, காயெடுக்கப் போன புள்ளைகளுக்கு இருமுடி கட்டி விட்டுட்டாரேலே!" என்றாள். மண்டபம் குலுங்கியது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடியும் கழற்றினார். ஆகா, அதைக் காணத்தான் இத்தனை வருஷம் காத்திருந்தேன்.

கீழே இறங்கியதும் பக்கத்தில் வந்தார். "ப்ரூஃப் பாத்தப்பவே சொல்லியிருக்கலாமேம்மா?"

"பாத்தேன் சார். வேணும்னேதான் விட்டேன்."

விடாமல் அடுத்ததையும் கேட்டேன்.

"என் கேசட்டெல்லாம் எங்க சார்?"

"அதெல்லாம் இன்னும் எதுக்கு? எல்லாம்தான் புத்தகத்துல வந்துருச்சே. டிபார்ட்மென்ட் கட்டடம் மாத்துனப்பவே குப்பையில போட்டுட்டாங்க."

போட்டுட்டாங்க. யாரோ போட்டதுபோல.

அம்மா செல்போன் வருவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள். அவள் பேசியது, சிரித்தது, வேறு எதிலும் பதிவாகவில்லை. அந்த மனுஷனுக்கு இன்னும் எத்தனை பாராட்டு விழா வேண்டுமானாலும் எடுக்கட்டும். எல்லாவற்றுக்கும் போவேன்.