அமாவாசையன்று பால்வீதி

என் மகள் இரண்டாம் வகுப்பு. போன புரட்டாசியில் ஒருநாள் பள்ளிக்கூடத்திலிருந்து அழுதுகொண்டே வந்தாள். நம் சூரியன் இருக்கும் நட்சத்திரக் கூட்டத்துக்குப் பால்வீதி என்று பெயர், இருட்டில் கண்ணாலேயே பார்க்கலாம் என்று டீச்சர் சொல்லியிருக்கிறார். உடனே இவள் எழுந்து, "எங்க அப்பா உப்பளத்துல பாத்திருக்காரு" என்று சொல்லிவிட்டாள். எதிர்வீட்டுச் சிறுமியும் அதே வகுப்புதான். "டூப்பு விடாதடீ. எங்க மாடியில தெனம் நிக்கிறேன், ஒண்ணுமே இல்ல" என்று அவள் சொல்ல, வகுப்பே சிரித்திருக்கிறது.

நான் பார்த்தது உண்மைதான். விடியுமுன் வேலைக்குப் போகும்போது, கரண்ட் இல்லாத நாட்களில், வானத்தில் வெளுத்த புகை மாதிரி கிடக்கும்; மகளிடமும் சொல்லியிருக்கிறேன். அதற்கு ஒரு பெயர் இருப்பதே மகள் சொல்லித்தான் தெரியும். ஆனால் இப்போது உப்புக் குவியல்களின் காவலுக்கு முதலாளி பெரிய ஃபோகஸ் லைட் ஒன்று போட்டுவிட்டார். அது எரிந்தால் நாலு நட்சத்திரம் தெரிவதே அதிகம்.

"அமாவாசைக்குக் காட்டுறேன். எல்லாரையும் கூட்டிக்கிட்டு வா" என்று மகளிடம் சொன்னேன். மனைவிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "லைட்ட அணைக்கச் சொல்லி மொதலாளிகிட்ட நீயா கேக்கப் போற? டீக்கடையில சக்கர கம்மின்னு சொல்லவே உனக்கு வாயி வராது."

அவள் சொன்னது சரிதான். ஒருமுறை லைட்டைப் பற்றிக் கேட்கத்தான் முதலாளி எதிரே போய் நின்றேன்; ஆனால் தார்ப்பாய் கட்டக் கயிறு வேண்டும் என்று கேட்டு, கயிறோடு திரும்பி வந்தேன். அமாவாசை அன்று சாயங்காலம் வேறு வழியில்லை.

"கொஞ்ச நேரம் லைட்ட அணைக்கணுங்க. புள்ளைங்களுக்கு வானத்தக் காட்டணும்."

"என்னாப்பா, நிலாவா?"

"நிலா இருக்கக் கூடாதுங்க. அதான் இன்னிக்கு."

முதலாளி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பத்து நிமிஷம். சுவிட்சுகிட்டயே நிக்கிறேன். ஒரு கூடை உப்பு போனாலும் உன்னத்தான் கேப்பேன்."

இருட்டியதும் பிள்ளைகள் வரப்பில் வந்து நின்றார்கள். எதிர்வீட்டுச் சிறுமி எல்லோருக்கும் முன்னால். லைட் அணைந்தது.

"ஒண்ணுங் காணோம்" என்றாள் அவள் உடனே.

"இரும்மா, கண்ணு பழகணும்" என்றேன். மகள் என் விரலை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

அப்போதுதான் நான் நினைத்தே பார்க்காத ஒன்று நடந்தது. ஊரெல்லாம் கரண்ட் இருக்க, ஓர் அளத்தில் மட்டும் காவல் விளக்கு அணைந்தால் திருடன் வந்துவிட்டான் என்றுதான் இங்கே நினைப்பார்கள். பக்கத்து அளங்களிலிருந்து ஆட்கள் டார்ச்சும் தடியுமாக ஓடி வந்தார்கள். "டேய், யார்ரா அங்க?" வெளிச்சம் நேராகப் பிள்ளைகளின் கண்ணில் அடித்தது. பழகிய இருட்டும் போச்சு, பாதி நேரமும் போச்சு.

"டார்ச்ச அணைங்கய்யா!" என்று கத்தினேன். அவ்வளவு சத்தம் என்னிடம் இருப்பது எனக்கே தெரியாது. "அணைச்சிட்டு மேல பாருங்க!"

கத்துவது யாரென்று தெரியாமலே எல்லோரும் அணைத்துவிட்டார்கள். கொஞ்ச நேரம் மூச்சு வாங்கும் சத்தம் மட்டும். பிறகு தென்மேற்கில் தொடங்கித் தலைக்கு மேலாக அந்த வெளுப்பு மெல்ல மெல்லத் தெளிந்து வந்தது.

"தோ! தோ!" என்று குதித்தது எதிர்வீட்டுச் சிறுமிதான். "கோலமாவு சிந்துன மாதிரி!"

"அதுக்குள்ளதான் நாம இருக்கோம்" என்றாள் மகள்.

"உள்ள இருந்தா எப்படிடீ மேல தெரியும்?"

"அது தோசை மாதிரி தட்டையாம். நாம தோசைக்குள்ள மாட்டிக்கிட்ட எறும்பு. எறும்பு எட்டிப் பாத்தா சுத்தியும் தோசைதானே தெரியும்? டீச்சர் சொன்னாங்க. நீ அப்ப சிரிச்சிக்கினு இருந்த."

தடியோடு வந்த ஒருவர் இருட்டில் கேட்டார்: "ஏம்மா, அந்தத் தோசையில நம்ம மரக்காணம் எங்க இருக்குது?"

"நடுவுலயும் இல்ல, ஓரத்துலயும் இல்ல. ரெண்டுக்கும் எடையில."

"அப்ப முறுகல் நமக்கு இல்லியா?"

வரப்பு முழுக்கச் சிரிப்பு. அந்தச் சிரிப்பினூடே முதலாளியின் குரல் வந்தது. "ஏம்பா, நேரமாச்சு. லைட்டப் போடட்டா?"

"இன்னும் கொஞ்சம் இருங்க, மொதலாளி!" என்றேன். லைட் எரியவில்லை.

எதிர்வீட்டுச் சிறுமி மகளின் தோளை இடித்தாள். "கிளாஸ்ல நான்தான் சொல்லுவேன். மொதல்ல பாத்தது நான்தான்."

"சொல்லேன்" என்றாள் மகள், வானத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.