பாகி சுமந்த பேச்சு

பாகி என்ற பெயரை நான் முதன்முதலில் கேட்டது பீடி டிப்போ வாசலில். சுற்றிய பீடியைக் கட்டிக்கொண்டு பெண்கள் வரிசையில் நின்றபோது, ஒருத்தி இன்னொருத்தியைப் பார்த்து, "பாகி மாதிரிப் பேசாதடி, நேராச் சொல்லு" என்றாள். வரிசை முழுக்கச் சிரித்தது. அப்போது அந்தப் பாகிக்குப் பத்து வயதுகூட நிறையவில்லை. கொடம்பயல் ஊரில் புரட்டுக்கு ஒரு சின்னப் பெண்ணின் பெயரை வைத்துவிட்டார்கள். அந்த வாயை முறுக்கிவிட்டது யார் என்று வரிசையில் நின்ற ஒருத்திக்கும் கேட்கத் தோன்றவில்லை.

முறுக்கியவர்கள் இரண்டு பேர். பெற்றவள் அப்பி, அவளுடைய அக்காள் சீத்து. எங்கள் பக்கத்தில் வீடு தாயிடமிருந்து மகளுக்குத்தான் வரும். இவர்களின் தாய் போனதும் வீடு இருவருக்கும் பொதுவாயிற்று. சீத்துவின் ஒரே மகன் பம்பாயில் ஓட்டல் வேலைக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டான், மகள் இல்லை. அப்பிக்கு ஒரே மகள். ஆகவே அந்தக் குடும்பத்தில் விளக்கு எரிய வேண்டுமானால் இரண்டு பேருக்கும் இந்தப் பிள்ளை ஒன்றுதான்.

சண்டை ஒரு கோழிக்காலில் ஆரம்பித்தது. வீட்டுப் பின்புறம் பலா மரத்தடியில் பஞ்சுருளி தெய்வத்தின் கல் இருக்கிறது. வருஷப் படையலில் கோழியின் முதல் துண்டு வீட்டின் மூத்த பெண்ணுடைய இலையில் விழ வேண்டும். அந்த வருஷம் பரிமாறிய அப்பி அதைத் தன் புருஷன் மோனப்பனின் இலையில் போட்டாள். சீத்து இலையைத் தூக்கி முற்றத்தில் வீசினாள்.

"உன் புருஷன் வந்தவன். நான் இந்த வீட்டுல பொறந்தவ. என் இலையில விழ வேண்டியது அவன் இலைக்கு எப்படிடி போச்சு?"

"மரம் ஏறிக் கள்ளு எறக்கிட்டு வந்த மனுசனுக்கு ஒரு துண்டு போட்டா குடி முழுகிடுமா?"

"முழுகட்டும்" என்றாள் சீத்து. நேராகப் போய்க் கல்லைத் தொட்டாள். "இன்னியிலேர்ந்து இவளோட, இவ பக்கத்து ஆளுங்களோட ஒரு வார்த்தை பேசினேன்னா பஞ்சுருளி என்னைப் பாத்துக்கட்டும்." அப்பியும் ஈரக் கையோடு வந்து அதே ஆணையைப் போட்டாள்.

இப்படி ஆணை போட எங்கள் ஆட்களைவிட்டால் ஆளில்லை. போட்ட இரண்டு பேரும் ஒரே தேங்காயைச் சேர்ந்து பிடித்து உடைத்தால்தான் அது இறங்கும். சேர்ந்து பிடிக்க வேண்டுமென்றால் யாராவது ஒருத்தி முதலில் கூப்பிட வேண்டும். அவள் கூப்பிடட்டும் என்று இவளும், இவள் கூப்பிடட்டும் என்று அவளும் வீட்டுக்கு நடுவே மண்சுவர் எழுப்பினார்கள். கிணறு மட்டும் ஒன்று.

அப்போது பாகிக்கு நாலு வயது. அவர்களுடைய மாமன் சேசப்பன்தான் தெய்வத்துக்குப் பூசை வைப்பவர். அவர் சொன்னார்: "பருவம் வராத பிள்ளை தெய்வத்தோட பிள்ளை. அதை ஆணை பிடிக்காது." நல்லது என்று நினைத்துச் சொன்னாரோ, தனக்குத் தூது போகும் வேலை தப்பட்டும் என்று சொன்னாரோ, அவரைத்தான் கேட்க வேண்டும். அன்று முதல் சுவருக்கு இந்தப் பக்கத்துப் பேச்சை அந்தப் பக்கம் கொண்டுபோக அந்த வீட்டில் கால் முளைத்த ஒரே ஆள் பாகி.

"போய்ச் சொல்லு அந்த மூதேவிகிட்ட, கெணத்துக் கயிறு நான் வாங்கினதுன்னு" என்றாள் அப்பி.

பாகி ஓடிப்போய்ச் சொன்னாள். சொல்லச் சொன்னபடியே, மூதேவி உட்பட. பெரியம்மாவின் கை கன்னத்தில் விழுந்தது. "உங்கம்மா சொன்னா நீயும் சொல்லுவியா? போய்ச் சொல்லு, தின்னு கொழுத்த பன்னிக்குக் கயிறு எதுக்குன்னு." அதையும் அப்படியே கொண்டுவந்தாள். அம்மாவின் கை இன்னொரு கன்னத்தில் விழுந்தது. சொன்னவள் சுவருக்கு அந்தப் பக்கம்; எட்டிய கன்னம் இதுதான்.

ஆறு வயதாகும் முன்பே பாகி தொழிலைக் கற்றுக்கொண்டாள். மூதேவியை வழியில் கிணற்றடியிலேயே விட்டுவிட்டு, "அம்மா கயிறு கேக்குது பெரியம்மா" என்று மட்டும் போய் நிற்பாள். வாசலில் கால் வைக்கும் முன்பே உள்ளே பாத்திரம் வைக்கப்படும் சத்தத்தைக் கேட்பாள். மெல்ல வைத்தால் போகலாம். டணாரென்று வைத்தால் கொஞ்ச நேரம் கோழியைத் துரத்துவதுபோல் முற்றத்தில் சுற்றுவாள். மற்ற பிள்ளைகள் பாண்டி ஆடிக்கொண்டிருந்தார்கள். இவள் இரண்டு பொம்பளைகளின் முகத்தைப் படித்துக்கொண்டிருந்தாள்.

பள்ளிக்கூடத்தில் டீச்சர் ஒருநாள் ஒவ்வொரு பிள்ளையாக எழுப்பி, உனக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டாள். ஒருவன் மீன் குழம்பு என்றான், ஒருத்தி யானை என்றாள். பாகி எழுந்து, "யார்கிட்ட சொல்லணும் டீச்சர்?" என்று கேட்டாள். "என்கிட்டதான்." "உங்களுக்கு எது பிடிக்கும்?" வகுப்பு சிரித்தது. அதிகப்பிரசங்கி என்று டீச்சர் காதைத் திருகி உட்காரவைத்தாள். அந்தப் பிள்ளை கேலி செய்யவில்லை. பதில் கேட்பவருடைய முகத்தில் இருக்கும் என்றுதான் அவளுக்குத் தெரியும். தன்னிடம் ஒன்று இருக்கும் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை.

ஆனாலும் அவளுக்கென்று ஒன்று இருந்தது. இரண்டு அடுப்படியிலும் அவளுக்குத் தட்டு இருந்தது. அம்மா வீட்டில் காலைக் கஞ்சி. பெரியம்மா வீட்டில் மாலையில் தேங்காய்ப்பூ போட்ட அவல். சீத்து பேசும்போதுதான் கொள்ளி. தலை வாரிவிடும்போது அவள் கை மெத்தென்றிருக்கும். அப்பியின் கை அப்படியில்லை, ஆனால் காய்ச்சல் வந்தால் விடிய விடியப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். இரண்டில் ஒன்றைக்கூட விட பாகிக்கு மனமில்லை.

இனிப்பாக்கக் கற்ற வாய் கசப்பாக்கவும் கற்றது. ஒன்பது வயதில், உடைந்த குடத்துக்காக அப்பி அவளை விறகுக் கட்டையால் அடித்தாள். அப்போது அப்பிக்கு நாலு மாதம். அழுகையை விழுங்கிக்கொண்டு பெரியம்மா வீட்டுக்குப் போன பாகி திரும்பி வந்து, "உன் வயித்துல இருக்கறது தங்காதுன்னு பெரியம்மா சொல்லுது" என்றாள். சீத்து அப்படி ஒன்றும் சொல்லவில்லை. அன்று அவள் அவல்கூடப் பிசைந்து வைத்திருந்தாள். அப்பி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்து ஓலமிட்டதைப் பாகி வாசற்படியில் நின்று பார்த்தாள். தன் வாயில் இவ்வளவு இருக்கிறதா என்று நினைத்தாள்.

பத்து நாளில் அந்தப் பிள்ளை கலைந்தது. சீத்துவின் நாக்கு கருநாக்கு என்று ஊர் பேசியது. பாகி ஒரு மாதம் சரியாகச் சாப்பிடவில்லை. வயிற்றுப்பூச்சி என்று மருந்து கொடுத்தார்கள்.

பதின்மூன்றாம் வயதில் பாகிக்குப் பருவம் வந்தது. அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் ஆணை பிடித்துக்கொள்ளும். சுவருக்கு ஒரு பக்கம் நின்றாக வேண்டும். மறுபக்கத்து முகத்தை இனி ஏறெடுத்தும் பார்க்கக் கூடாது. பழைய துணியை வைக்கோல் போருக்குள் ஒளித்தாள், ஓடையில் தனியாகப் போய் அலசினாள். ஏழு மாதம் ஓட்டினாள். படையலுக்கு முந்தின வாரம் மாட்டுக்கு வைக்கோல் உருவிய அப்பியின் கையில் துணி வந்தது. அதட்டியதும் பாகி உள்ளதைச் சொன்னாள்.

"ஏழு மாசமா? என் வயித்துல பொறந்துட்டு என்கிட்டயே மறைச்சியாடி?" என்று அடித்தாள். பிறகு அணைத்தாள். பிறகு, "படையல்ல எல்லார் முன்னாடியும் என் பக்கத்துல நில்லு. அந்தக் கருநாக்கு பாக்கட்டும்" என்றாள்.

அப்பி கத்தியதைச் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டிருந்த சீத்து, அன்று மாலை அவளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள். தன் தாயின் மூக்குத்தியை எடுத்து உள்ளங்கையில் வைத்தாள். "என் பங்கு உனக்குத்தான் வரணும். என் பக்கம் நில்லு. இல்லேன்னா நான் செத்தாலும் இந்தப் படி ஏறாத."

படையலன்று சொந்தமெல்லாம் பலா மரத்தடியில் கூடியது. கல்லுக்கு இடப்பக்கம் அப்பியும் மோனப்பனும், வலப்பக்கம் சீத்து தனியாக. சேசப்பன் செம்பில் தண்ணீரோடு நின்றார்.

"பெண்ணே, உன்னை ஆணை பிடிக்கும் காலம் வந்தாச்சு. எந்தப் பக்கம்?"

பாகி அம்மாவைப் பார்த்தாள், பெரியம்மாவைப் பார்த்தாள். எப்போதும்போல இரண்டு முகத்துக்கும் பொருந்தும் ஒரு சொல்லைத் தேடினாள். கிடைக்கவில்லை.

"என்னடி முழிக்கற, வா இங்க" என்றாள் அப்பி.

பாகி வாயைத் திறந்தாள். "அம்மா சொன்னதைக் கேளு பெரியம்மா. மூதேவின்னு சொல்லுச்சு. பொண்ணு பெறாத பாவின்னு சொல்லுச்சு. நான் சொல்லலை. பெரியம்மா உன்னைப் பன்னின்னுச்சும்மா. நான் சொல்லலை." ஒன்பது வருஷத்து வசவை நாள் கிழமை மாறாமல், அந்தந்தக் குரலிலேயே எடுத்து வைத்தாள். ஓரமாக நின்ற சிலர் சிரிக்கக்கூடச் செய்தார்கள். மோனப்பன் தலையைக் குனிந்துகொண்டான். கடைசியில், "வயித்துல இருக்கறது தங்காதுன்னு மட்டும் பெரியம்மா சொல்லலை. அது நானாச் சொன்னது. அம்மா என்னை அடிச்சுது, அதுக்காகச் சொன்னேன்" என்றாள்.

முதலில் பேசியது சீத்து. பாகியிடம் அல்ல. தங்கையை நேருக்கு நேராகப் பார்த்து, "அப்ப இத்தனை வருசமா நான்தான் சொன்னேன்னு இருந்தியாடி?" என்று கேட்டாள்.

"நீ சொல்லக்கூடியவதானே!" என்றாள் அப்பி.

சேசப்பன் கையிலிருந்த செம்பு கீழே விழுந்தது. ஆணை முறிந்துபோயிற்று. இரண்டு பேரும் அதை உணர்ந்து வாயைப் பொத்தினார்கள். தெய்வக் குற்றம். யாரால் வந்தது? இருவர் பார்வையும் ஒரே நேரத்தில் ஒரே இடத்துக்குத் திரும்பியது. அப்பி பாகியின் தலைமுடியைப் பிடித்தாள். சீத்து, போன வாரம் மூக்குத்தி தந்த அதே சீத்து, கன்னத்தில் அறைந்தாள்.

"வீட்டைப் பிரிச்சதே இந்தப் பாம்புதான் தங்கச்சி!"

"நான் பெத்ததுக்கு நானே அழணும் அக்கா!"

ஒன்பது வருஷத்தில் அவர்கள் ஒத்துப்போன முதல் விஷயம் அது. சொந்தக்காரர்களில் ஒருவர்கூட, கோழிக்காலுக்கு ஆணை போட்டபோது அந்தப் பிள்ளைக்கு நாலு வயது என்று எடுத்துச் சொல்லவில்லை. எல்லோருக்கும் சௌகரியமாக இருந்தது. மறுநாள் நாலு கை சேர்ந்து ஒரு தேங்காயைப் பிடித்து உடைத்தது. ஊர் கண் கலங்கியது. பாகியை அன்று கல்லின் பக்கமே விடவில்லை.

அந்த மாதமே அவளை மோனப்பனின் தங்கை வீட்டுக்கு அனுப்பினார்கள். தகப்பன் வழி வீட்டில் எங்கள் பெண்களுக்கு ஒரு செங்கல்கூடக் கிடையாது. விருந்தாளியாக இருக்கலாம், அதுவும் முகம் சுளிக்கும்வரை. அத்தை முகம் சுளிக்கும் முன்பே பாகிக்குத் தெரிந்துவிட்டது. பதினாறு வயதில் முந்திரி ஆலைக்குப் போனாள். அங்கே மேஸ்திரிக்கு அவளைப் பிடிக்கும், தொழிலாளிகளுக்கும் பிடிக்கும். யாரிடம் என்ன சொன்னால் ஆறும் என்று அவளுக்குத் தெரியும். கட்டிக்கொண்டவன் நல்லவன். "உனக்கு என்ன சேலை வேணும், வாயைத் திறந்து சொல்லேன்" என்று கடையில் நின்று கெஞ்சுவான். "நீங்களே எடுங்க" என்பாள். இருபத்தைந்து வருஷமாகியும் அவளுக்கு என்ன நிறம் பிடிக்கும் என்று அவனுக்குத் தெரியாது. கோபம் வந்தால் மட்டும் எங்கே குத்த வேண்டுமோ அங்கே குத்துவாள். பிறகு இரண்டு நாள் சாப்பிடமாட்டாள்.

சீத்துவும் அப்பியும் மண்சுவரை இடித்துவிட்டு ஒரே அடுப்பில் பொங்கித் தின்று, அடுத்தடுத்த வருஷம் போய்ச் சேர்ந்தார்கள். இரண்டு சாவுக்கும் அவளுக்குச் சொல்லி அனுப்பவில்லை. வீடு பூட்டிக் கிடக்கிறது. முறைப்படி அது அவளுடையது; அவள் வந்து திறக்கவில்லை.

பாகிக்கு இப்போது நாற்பத்தைந்து வயது. மங்களூருக்குத் தெற்கே, ஆலைக்குப் பின்னாலுள்ள ஓட்டு வீட்டில் புருஷனோடும் இரண்டு மகள்களோடும் வாடகைக்கு இருக்கிறாள்.