கரன்ட் போனபோது கேட்ட பாட்டு

சென்ற ஆண்டு கோடையில், ஆரணியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் தறிக்கூடத்தில் நடந்தது இது. நான்கு பவர் லூம் ஓடும் கூடம். இரண்டை மாமனார் பார்த்துக்கொள்வார், இரண்டை நான். நெய்த சேலைகளைக் கடைகளுக்குக் கொண்டுபோவது என் கணவரின் வேலை.

பவர் லூம் ஓடும் இடத்தில் நீங்கள் நின்றிருக்கிறீர்களா? பக்கத்தில் இருப்பவர் கத்தினாலும் காதில் விழாது. உதட்டைப் பார்த்துத்தான் பேசிக்கொள்வோம். அதில் ஒரு வசதியும் உண்டு. எவ்வளவு உரக்கப் பாடினாலும் யாருக்கும் கேட்காது. எனக்கோ சினிமாப் பைத்தியம். தியேட்டரோ போனோ, புதுப் படம் எதையும் விடமாட்டேன். பார்த்த கையோடு தங்கைக்கு போன் போட்டு விமர்சனம் சொன்னால்தான் சோறு இறங்கும். புதுப் பாட்டுகளைத் தறியடியில் நின்று தொண்டை கிழியப் பாடுவேன். ஒரே ஒரு ஜாக்கிரதை வேண்டும். கரன்ட் போனால் அந்த நொடியே வாயை மூடிவிட வேண்டும்.

அன்று என் மாமியார் சேத்துப்பட்டில் இருக்கும் தன் அக்கா வீட்டுக்குப் போயிருந்தார். மத்தியானம் திடீரென்று கரன்ட் போனது. பழக்கதோஷத்தில் நான் வாயை மூடிவிட்டேன். ஆனால் கூடத்தில் பாட்டு நிற்கவில்லை. மாமனார் கண்ணை மூடிக்கொண்டு, ஏதோ ஒரு பழைய காதல் பாட்டின் பாதி வரியை உச்சத்தில் பிடித்துக்கொண்டு நின்றார்.

சர்ச்சில் எல்லோரும் எழுந்து பாடும்போதுகூட, பாட்டுப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாயே திறக்காத மனிதர் அவர். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. படபடவென்று கைதட்டிவிட்டேன். கண்ணைத் திறந்தவரின் முகம் செத்துப்போயிற்று. "தண்ணி குடிச்சிட்டு வரேம்மா" என்று வெளியே போனவர், கரன்ட் வந்த பிறகும் வெகு நேரம் உள்ளே வரவில்லை.

அது என்ன பாட்டு என்ற குடைச்சல் அப்போதே எனக்குப் பிடித்துக்கொண்டது. காதில் விழுந்த அந்தப் பாதி வரியில் சொற்கள் சரியாகப் பிடிபடவில்லை, மெட்டை மட்டும் போனிடம் முணுமுணுத்துக் காட்டினேன். அது ஒரு இந்திப் பாட்டை எடுத்துக் கொடுத்தது. மாமனாரிடமே கேட்கலாம் என்றால் அவர் என் முகத்தையே பார்ப்பதில்லை.

ஊரிலிருந்து வந்த மாமியார் என்னைச் சமையற்கட்டில் பிடித்துக்கொண்டார். "இன்னா ஆச்சிம்மா? நான் வந்ததுலேர்ந்து பாக்கறேன், மாமா வாய மூடிகினு தறி ஓட்டறாரே?"

"அவரு பாடுவாருன்னு உங்களுக்குத் தெரியுமா அத்தே?"

"தெரியாம? வாசப்படியில ஒக்காந்து தறிக்கு நூல் தார் சுத்திகினு இத்தினி வருஷமா அவரு உதட்டதான பாத்துகினு இருக்கேன்? நீ இன்னா பாடறன்னும் தெரியும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் பாடும் சில பாட்டுகளின் வரிகள் மாமியார் பார்வைக்கு உகந்தவை அல்ல.

அத்தை சிரிக்கவில்லை. "கல்யாணம் ஆன புதுசுல எனக்காக ஒரு தரம் பாடினாரு. மூக்கால பாடறாரேன்னு சிரிச்சிட்டேன். அதோட சரி, என் காதுபடப் பாடினதே இல்ல. உதடாவது ஆடுதேன்னு இருந்தேன். இப்ப அதுவும் நின்னுபோச்சி" என்றார்.

அன்றைக்கு அத்தை சிரித்தார், இப்போது நான் கைதட்டினேன். கூச்சப்படுகிற மனிதருக்கு இரண்டும் ஒன்றுதான் போலிருக்கிறது.

எப்படியாவது அந்தப் பாட்டைக் கண்டுபிடித்துவிட வேண்டும் என்று இறங்கினேன். அத்தை கொடுத்த துப்பு ஒன்றே ஒன்று. "அவரு எப்பவும் பாடறது ஒரே பாட்டுதான். அதுல பூன்னு வரும், வாய் குவியும்." பூ வராத பழைய பாட்டு எது? சமைக்கும்போதும் துணி துவைக்கும்போதும் காதில் பழைய பாட்டுத்தான். பழையதெல்லாம் தேன் என்று சொல்ல மாட்டேன். பல பாட்டுகள் ஒரே மெட்டுக்குச் சட்டை மாற்றிவிட்டதுபோல் இருந்தன. சிலவற்றில் காதலிப்பதைவிடக் காதலிக்கு அறிவுரை சொல்வது அதிகம். ஆனால் ஒன்றைக் கவனித்தேன். அந்தப் பாடகர்களுக்கு அவசரமே இல்லை. இப்போது வரும் பாட்டுகளில் ஆட்டத்துக்கு ஏற்ற ஒரு வரி மட்டும் மனதில் ஒட்டிக்கொள்கிறது, மிச்சமெல்லாம் அடிக்கிற அடியில் எங்கள் தறிக்கூடம் மாதிரி ஆகிவிடுகிறது. பழைய பாட்டில் மூச்சு வாங்குவதுகூடக் கேட்கிறது. புதுப் பாட்டு மட்டுமே கேட்டு வளர்ந்த எனக்கு அது அதிசயமாக இருந்தது. தங்கையிடம் சொன்னால், "உனக்கு வயசாயிடுச்சுக்கா" என்றாள்.

கடைசியில் கீரை ஆய்ந்துகொண்டிருக்கும்போது அந்தப் பாதி வரி காதில் வந்து விழுந்தது. கீரையை அப்படியே போட்டுவிட்டு எழுந்து நின்றுவிட்டேன். அன்றிலிருந்து தறியடியில் அந்தப் பாட்டையே பாடிப் பழகினேன். எதிரே மாமனார் வாயை இறுக்கி மூடிக்கொண்டு வேலை செய்தார்.

மறுபடி ஒருநாள் கரன்ட் போனது. நான் வாயை மூடவில்லை. விடாமல் பாடினேன். பல்லவி தப்பித்தது. சரணத்தில் கோட்டை விட்டேன். வேண்டுமென்று செய்யவில்லை, நிஜமாகவே வரவில்லை.

"அங்க எறங்கக் கூடாதும்மா, ஏறணும்" என்று எதிர்த் தறியிலிருந்து குரல் வந்தது. அவர் சொல்லியும் எனக்குப் புரியவில்லை. பொறுக்க முடியாமல் பாடியே காட்டினார். மூக்கால்தான். ஆனால் என் தப்பு எங்கே என்று பளிச்சென்று தெரிந்தது. அவர் வாயிலிருந்து அடுத்த வரியும் தானாக வந்தது. அப்போதுதான் வாசற்படியில் தார் சுற்றுவதை நிறுத்திவிட்டு அத்தை எழுந்து நிற்பதைப் பார்த்தார். சட்டென்று நிறுத்திவிட்டார்.

இந்தத் தடவை நான் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"ஏன் நிறுத்திட்டீங்க? பாடுங்க, கேட்டுகினு இருக்கேன்" என்றார் அத்தை.

மாமனார் தறியைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சரணத்தை முதலிலிருந்து எடுத்தார். நடுவில் கரன்ட் வந்துவிட்டது. யாரும் ஸ்விட்ச் பக்கம் போகவில்லை.

விமர்சனம் சொல்வதை நான் இன்னும் விடவில்லை. ஆனால் ஒரு பாட்டை மட்டம் என்று தங்கையிடம் சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம், இதையே தன் உயிராக நினைத்து யார் எந்த மூலையில் சத்தமில்லாமல் பாடிக்கொண்டிருக்கிறார்களோ என்று ஒரு நிமிஷம் தயங்கிவிடுகிறேன்.