சகலையின் காரை முந்தப் போனேன்

எனக்கும் சகலைக்கும் ராஜபாளையம்தான். ஸ்ரீவில்லிபுத்தூரில் மாமனார் வீட்டுக் காதுகுத்துக்கு அவர் புதுக் காரில் வந்து இறங்கினார். "மாப்பிள்ளைன்னா இவருல்லா!" என்று மாமியார் பூரித்ததும் எனக்கு வயிறு எரிந்தது. மத்தியான விருந்தில் வீம்புக்குக் குடித்தேன்.

"பைக் வேண்டாம், அவிய கார்லயே போயிருவோம்" என்றாள் மனைவி.

"அவன் கார்ல நான் போறதா? பேசாம ஏறுட்டி!"

மகளை முன்னால் உட்காரவைத்து, வழியில் அந்தக் காரை முந்தினேன். எதிரே லாரி. கை சொன்னபடி கேட்கவில்லை. மண்ணில் சரிந்தோம், லாரி மகள் தலைக்கு ஒரு முழம் தள்ளிப் போனது. ஓடிவந்து தூக்கிய சகலையின் கழுத்தைக் கட்டிக்கொண்டவள், என்னிடம் வர மாட்டேன் என்றாள். அந்த நிமிஷம் பட்ட பொறாமையை நான் எந்தக் காரைப் பார்த்தும் பட்டதில்லை.

இப்போதெல்லாம் விசேஷ வீட்டு வாசலிலேயே சாவியை மனைவியிடம் கொடுத்துவிடுகிறேன். குடித்துவிட்டால், வாயை மூடிக்கொண்டு சகலை காரின் பின்சீட்டில் மகள் பக்கத்தில் உட்காருகிறேன்.