அல்பேனியப் படம் பார்த்துக் கெட்டவன்

எனக்கு அல்பேனிய மொழியில் வணக்கம் சொல்வதற்குமேல் ஒன்றும் தெரியாது. அல்பேனியாவுக்கோ கொசோவோவுக்கோ போனதும் இல்லை. ஆனாலும் ஒஸ்லோத் தமிழருக்குள் அல்பேனியப் படங்களைப் பற்றிக் கதைக்கத் தகுதியான ஆள் நான்தான் என்று மூன்று வருடமாக மனதார நம்பிக்கொண்டிருந்தேன். போட்டிக்கு வேறு ஒருவரும் இல்லாதது அந்த நம்பிக்கைக்குப் பெரிய உதவியாக இருந்தது.

நான் பஸ் ஓட்டுகிறவன். என்னோடு ஓட்டும் கொசோவோக்காரர் ஒருவர்தான் என்னைக் கெடுத்தவர். இடைவேளையில் கோப்பி குடிக்கும்போது தன் நாட்டுப் படங்களைப் பற்றிச் சொல்வார். பிறகு அடியில் நோர்வேஜிய எழுத்தோடு எங்கே பார்க்கலாம் என்று தேடி அனுப்புவார். கம்யூனிஸ்ட் காலத்துப் பழைய படங்களில் மீசை வைத்த தகப்பன், மகளை ரயில் பாதை போடும் வேலைக்கு விட மாட்டான். கட்சிக்காரர் வந்து கதைப்பார், தகப்பன் திருந்துவான், எல்லாரும் பாடுவார்கள். புதிய படங்களில் பாட்டில்லை. பிள்ளைகள் ஜெர்மனிக்குப் போய்விடுவார்கள். அவர்கள் அனுப்பிய காசில் மூன்று மாடி வீடு எழும்பும், அதில் இரண்டு கிழடுகள் மட்டும் இருக்கும். போரில் காணாமற்போனவர்களின் படத்தைப் பிடித்துக்கொண்டு பெண்கள் வரிசையில் நிற்பார்கள். இதெல்லாம் எனக்கு யாரும் விளக்கிச் சொல்லத் தேவையில்லாத சங்கதிகள்.

"படத்திலே தகப்பன் ஒன்றரை மணித்தியாலத்தில் திருந்திவிடுகிறான். என்னுடைய தகப்பன் திருந்தி முடிய முன்னமே செத்துப்போனார்" என்றார் அவர் ஒரு நாள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவருடைய தகப்பனைப் பற்றித்தானே சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

படம் பார்த்தோம், வைத்தோம் என்று இருந்திருக்கலாம். எனக்கு வாய் சும்மா கிடக்காது. எங்கள் சங்க மண்டபத்தில் மாதத்தில் ஒரு சனிக்கிழமை பின்னேரம் வேற்றுமொழிப் படம் போட்டு, முடிவில் கால் மணி நேரம் உரையாற்றத் தொடங்கினேன். பதினைந்து பேர் வருவார்கள். அதில் பாதிப்பேர் தின்னக் கொடுக்கும் றோல்ஸுக்கு வருகிறவர்கள். என் மகளும் வருவாள், கணினியில் எந்த வயரை எங்கே செருகுவது என்று எனக்கு இன்றுவரை பிடிபடாததால்.

போன மாரியில் போட்ட படம் மலைநாட்டுக் கதை. பக்கத்து ஊர்ப் பெடியனை விரும்பிய ஒரு பெண்ணை, அவன் எந்தக் குடி, எந்த வீடு என்று விசாரித்தே அவளுடைய வீட்டார் சாகடிக்கப் பார்க்கிறார்கள். கடைசியில் அவளுடைய தகப்பனே பெடியன் வீட்டுக்குப் போகிறான், மன்னிப்புக் கேட்க. ஆண்கள் இருக்கும் விறாந்தையில் அவனுக்கு முன்னால் கோப்பி வைக்கிறார்கள். அவன் தொடவில்லை. வந்த காரியம் கைகூடாமல் கோப்பியைத் தொடக்கூடாது என்பது அந்த ஊர் முறை. வீட்டுக்காரர் கோப்பையை அவன் பக்கம் தள்ளி, "குடி, கேட்டதைத் தந்துவிட்டேன்" என்கிறார். அந்த இடத்தில் நான் மூக்கைச் சிந்தினேன்.

விளக்குப் போட்டதும் எழும்பி ஒரு பிடி பிடித்தேன். "நோர்வேக்கு வந்து முப்பது வருசம். இன்னும் ஒரு பிள்ளையின்ரை கலியாணம் எண்டால் முதல் கேள்வி, 'என்ன ஆக்கள்?' இப்பவும் சாதி விசாரிக்க வெக்கமாயில்லையோ எங்களுக்கு?" என்று கேட்டேன். கைதட்டினார்கள். பின்வரிசையில் மகளும் தட்டினாள்.

அன்று ஹவுகன்ஸ்டுவாவிலுள்ள எங்கள் வீட்டுக்கு ரயிலில் திரும்பும்போது அவள் சொன்னாள், ஒருவரை விரும்புவதாக. "திராமன்லை இருக்கிறார் அப்பா. அங்கை ஆஸ்பத்திரியிலை சீக்கப்ளையர். அம்மா அப்பா மட்டக்களப்பு. நீங்கள் இண்டைக்குக் கதைச்சதைக் கேட்டாப் பிறகுதான் சொல்லத் துணிஞ்சனான்."

பெடியன் தாதி வேலை செய்வது எனக்கு உறைக்கவில்லை. யாழ்ப்பாணத்தானுக்கு மட்டக்களப்பு உறைத்தது. ஆனாலும் தலையை ஆட்டினேன்.

"ஒண்டே ஒண்டு அப்பா. ஒருத்தரிட்டையும் விசாரிக்காதேங்கோ. முதலிலை நேரை பாருங்கோ. மற்ற ஞாயிறு அங்கை போவம். விசாரிச்சீங்களெண்டால் நான் இனி உங்களிட்டை ஒண்டும் சொல்ல மாட்டன்."

"ஓம் பிள்ளை. நான் அப்பிடிப்பட்ட ஆளோ?" என்றேன்.

நாலு நாள் தாக்குப்பிடித்தேன். புதன்கிழமை கை தானாகப் போனை எடுத்தது. அந்தக் காலத்தில் நோர்வேயின் வடகோடி ஊரான பாட்ஸ்பியோர்ட்டில் என்னோடு மீன் வெட்டிய நண்பர் ஒருவர் இன்னும் அங்கேயே இருக்கிறார். வடக்குக்கு வந்த தமிழன் ஒருவனும் அவருக்குத் தெரியாமல் தப்ப முடியாது. பெடியனின் தகப்பனும் அங்கே வேலை செய்தவராம் என்று தொடங்கி, குளிர், முட்டுவலி எல்லாம் சுற்றி வந்து கேட்டேன். "சும்மா ஒரு அறிவுக்குத்தான். நான் அதெல்லாம் பாக்கிறேல்லை. அவை என்ன ஆக்கள்?"

நண்பர் தங்கமான மனிதர். தெரியாததைத் தெரியாது என்று விட்டுவிட மாட்டார், தெரிந்தவரிடம் கேட்டுச் சொல்வார். தெரிந்தவர் யார் என்று யோசித்து, பெடியனின் தகப்பனுக்கே போன் போட்டுவிட்டார்.

வெள்ளிக்கிழமை என் போன் அடித்தது. மரியாதையான குரல். "நான் திராமன்லயிருந்து கதைக்கிறன். நீங்க எங்களப் பத்தி விசாரிச்சதாக் கேள்விப்பட்டன். உங்கட மகள் எங்கட வீட்ட வந்து, 'எங்கட அப்பா அப்பிடி விசாரிக்கிற ஆளில்ல, படங்காட்டி அதுக்கு எதிராக் கதைக்கிறவர்' எண்டு சொன்னவ. அதான் நீங்களோ, வேற ஆரோ எண்டு கேட்பம் எண்டு எடுத்தனான்."

என் மானம் கப்பலேறியது. "நான்தான்" என்றேன். "சரி. நீங்களே மகளுக்குச் சொல்லிடுங்க, நான் சொல்லல்ல" என்று வைத்துவிட்டார்.

சொன்னேன், பாதியை. பெடியனின் வேலையைப் பற்றி விசாரித்தேன் என்றேன். "ஞாயிறு அங்கை வந்து மன்னிப்புக் கேளுங்கோ. பிறகு கதைப்பம்" என்றாள் மகள்.

இனித்தான் என் மேதாவித்தனத்தின் உச்சம். மன்னிப்புக் கேட்பதையும் சும்மா கேட்க எனக்கு மனமில்லை. அல்பேனியப் படத்தில் பார்த்தபடி கேட்பதாக முடிவெடுத்தேன். நாலு பேர் நடுவில் கோப்பையைத் தொடாமல் கம்பீரமாக இருப்பேன், "ஏன்?" என்று கேட்பார்கள், நான் அந்த முறையை விளக்குவேன், அவர்கள் கண்கலங்குவார்கள். ஞாயிற்றுக்கிழமை மகளோடு ரயிலில் போகும்போது வசனத்தை இரண்டு தரம் மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன்.

"வாங்க, இரிங்க" என்றார் பெடியனின் தாய். தேத்தண்ணி கொண்டுவந்து எனக்கு முன்னால் வைத்தார். பால், இஞ்சி, நல்ல மணம். நான் தொடவில்லை. தகப்பன் வானிலையைப் பற்றிக் கதைத்தார். நான் தொடவில்லை. பெடியன் தன் வேலையைப் பற்றிச் சொன்னான். நான் கைகளைக் கட்டிக்கொண்டு, "ஏன் குடிக்கவில்லை?" என்ற கேள்விக்காகக் காத்திருந்தேன். தேத்தண்ணியில் ஆடை படர்ந்தது.

ஒருவரும் கேட்கவில்லை. தாயின் முகம் மெல்ல மெல்லச் செத்துக்கொண்டு போனதைக் கடைசியில்தான் கவனித்தேன்.

"எங்கட வீட்டுல தண்ணி வென்னி குடியாமப் போன ஆக்கள நாங்க முன்னமும் கண்டிருக்கம்" என்றார் அவர். "அவங்களும் உங்கட பக்கத்து ஆக்கள்தான்."

யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு, ஒரு வீட்டில் வைத்ததைத் தொடாமல் இருந்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று தெரியாதா? எங்கள் வீட்டுப் பெரியவர்கள் அப்படி எத்தனை வீடுகளில் இருந்துவிட்டு எழும்பி வந்தார்கள் என்று தெரியாதா? மலைநாட்டு அல்பேனியனின் முறை தெரிந்த எனக்கு, என் சொந்த முறை மறந்துபோயிருந்தது.

தலைகால் தெரியாமல் விளக்கத் தொடங்கினேன். படம், தகப்பன், விறாந்தை, கோப்பி. நான்கு பேரும் பொறுமையாகக் கேட்டார்கள். நம்புகிற முகம் ஒன்றுகூட இல்லை. நானே கேட்டுக்கொண்டிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

"அப்பா, போன்லை நீங்கள் என்ன கேட்டனீங்கள்?" என்றாள் மகள்.

பெடியனின் தகப்பன் நிலத்தைப் பார்த்தார். அவருக்குத் தெரியும். இந்த இரண்டு நாளும் அவர் அவளுக்குச் சொல்லாமல் என்னைக் காப்பாற்றியிருக்கிறார்.

"என்ன ஆக்கள் எண்டு கேட்டனான்" என்றேன். "பிழை. என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ." ஒத்திகை பார்த்த வசனம் ஒன்றும் வாயில் வரவில்லை.

கோப்பையை எடுக்கக் கை நீட்டினேன். தாய் அதன்மேல் தன் கையை வைத்து மூடினார். "ஆறிட்டு. வேற போட்டுத் தாறன்" என்று குசினிக்குள் போனார். திரும்பி வந்து புதுக் கோப்பையை என் முன்னால் வைத்தார்.

எடுத்துக் குடித்தேன். நாக்குப் பொசுங்கியது, நிறுத்தவில்லை. மகள் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஒவ்வொரு மிடறும் உள்ளே இறங்குகிறதா என்று என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.