ரவுடி டீமைப் பற்றி எடுத்த படம்

எங்கள் கல்லூரி இப்போது இல்லை. ஸ்கூடாயில் அது இருந்த இடத்தில் கார் கழுவுகிறார்கள். இருந்த காலத்திலும் அது படிப்பால் பெயர் வாங்கியதாக எனக்கு நினைவில்லை. காற்பந்துக் குழுவால்தான் பெயர் வாங்கியது, அதுவும் கெட்ட பெயர். ஆட்டத்துக்கு ஆட்டம் சிவப்பு அட்டை, நடுவரோடு மல்லுக்கட்டு, எதிரணிப் பயிற்சியாளரின் நாற்காலி காணாமல் போவது என்று எங்கள் பையன்கள் செய்யாத சேட்டை கிடையாது. ஜொகூரின் மற்ற கல்லூரிக்காரர்கள் எங்களை ‘ரவுடி டீம்’ என்றே சொன்னார்கள். அதற்கு நாங்கள் வெட்கப்பட்டிருக்க வேண்டும். மாறாக, சட்டையில் அச்சடித்துப் போட்டுக்கொண்டோம்.

நாங்கள் என்றால் ரசிகர்கள். ஒரு பஸ் நிறைய இருப்போம். அந்த பஸ் வாரநாளில் தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றும். சனிக்கிழமை எங்களை ஏற்றும். ஓட்டியவரை எல்லோரும் பஸ்காரண்ணன் என்போம். கல்லூரிக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, பள்ளிக்கூடத்தையே பாதியில் விட்டவர். ஆனால் எங்கள் குழு தோற்றால் இரண்டு நாள் சரியாகச் சாப்பிட மாட்டார்.

போன மாதம் என் மகள் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “அம்மா, உங்க ரவுடி டீம வெச்சு ஒரு அக்கா டாகுமென்ட்ரி எடுத்திருக்காங்களாம். பழைய வீடியோல்லாம் இருக்காம்.”

“அப்பா வர்றாரா?” என்று கேட்டேன். வேறெதுவும் கேட்கத் தோன்றவில்லை.

என் கணவர் அந்தக் குழுவின் இடது தற்காப்பு ஆட்டக்காரர். சிங்கப்பூர் வேலைக்கு மோட்டார் சைக்கிளில் போய்ப் போய் வந்தவர், ஒரு நாள் வேலை முடிந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. அவர் போய் நான்கு வருடம் ஆகிறது. வீட்டில் அவர் படங்கள் நிறைய இருக்கின்றன, எல்லாம் அசையாத படங்கள். கைப்பேசியில் வீடியோக்களும் உண்டு. ஆனால் எல்லாவற்றையும் எடுத்தவர் அவர். பிறந்தநாள், தீபாவளி, பத்துமலை என்று எதைப் போட்டாலும் நானும் மகளும் அசடு வழிய நிற்போம். பின்னாலிருந்து அவர் குரல் மட்டும், “கொஞ்சம் தள்ளி நில்லு லா” என்று கேட்கும். கல்யாணக் கேசட்டில் பூஞ்சை பிடித்துவிட்டது. பிடிக்காமல் இருந்தாலும் என்ன, அதிலே மனிதர் மணவறையில் உட்கார்ந்துதானே இருந்தார்.

கொஞ்ச நாளாக எனக்கு ஒரு பயம். அவர் முகம் மறக்கவில்லை, குரல் மறக்கவில்லை, நடை மறந்துகொண்டு வருகிறது. கதவைத் திறந்து உள்ளே வருவார் இல்லையா, அப்போது எந்தத் தோள் முதலில் வரும்? சந்தைக்குப் போகும்போது எனக்கு முன்னால் போவாரே, கையை வீசுவாரா, பையில் வைத்திருப்பாரா? கண்ணை மூடி எவ்வளவு யோசித்தாலும் அவர் நின்றுகொண்டேதான் இருந்தார். எனக்கு அவர் நடக்க வேண்டும். ஓடினால் இன்னும் நல்லது. இதை யாரிடமும் சொல்ல முடியவில்லை, சொன்னால் பைத்தியம் என்பார்கள்.

படத்தை எடுத்தவள் இங்கே பல்கலைக்கழகத்தில் கடைசி வருடம் படிக்கும் பெண். நல்ல பிள்ளை, பேச்சு மட்டும் ரயில் வேகம். இணையத்தில் போடுவதற்கு முன்னால் பழைய ரசிகர்களிடம் காட்ட விரும்பினாள். எங்களில் உறுமி அடித்தவர் ஒருவர் இப்போது ஒரு தாமான் குடியிருப்புப் பக்கம் வாழையிலைச் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். அந்தக் கடை மாடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பாடு முடிந்ததும் படம் என்று ஏற்பாடாயிற்று. சன்னலில் வெயில் அடித்ததால் கறுப்புக் குப்பைப் பைகளை ஒட்டி இருட்டாக்கினார்கள். எல்லோருக்கும் தொப்பை, பாதிப் பேருக்குத் தலையில் முடி இல்லை, ஆனால் அந்தச் சட்டையை எப்படியோ மாட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். பஸ்காரண்ணனை அவர் மகன் கைத்தாங்கலாக மாடியேற்றினார்.

முதல் அரை மணி நேரம் மாடி இரண்டுபட்டது. திரையில் யார் வந்தாலும் கத்தினோம். யாரோ ஒருவன் அன்று அடிக்காமல் விட்ட கோலை இன்றைக்காவது அடிப்பான் என்று நினைத்தோமோ என்னவோ, கடைக்காரர் எழுந்து நின்று, “அலமாக்! இடது கால்ல அடிடா மடையா!” என்று திரையைப் பார்த்துத் திட்டினார். அந்த மடையன் இப்போது பேரப்பிள்ளை எடுத்து மலாக்காவில் இருக்கிறான். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே ஒவ்வொரு காட்சியிலும் இடது ஓரத்தைத் தேடினேன். கேமரா பந்தின் பின்னாலேயே போனது. தற்காப்பில் நிற்கிறவனை எந்தக் கேமரா பார்க்கும்?

பிறகு தங்காக் வந்தது.

தங்காக்கில் நடந்த இறுதியாட்டத்தால்தான் எங்கள் குழுவைத் தடை செய்தார்கள். அன்றைக்கு லாயாங் லாயாங்கில் என் வீட்டில், துணி எடுக்கத் தங்காக் போகிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருந்தேன். துணிக்கடைகளுக்குப் பேர்போன ஊர், யாரும் சந்தேகப்படவில்லை. ஆட்டத்துக்கு முன்னால் ஓடிப்போய் ஒரு ரவிக்கைத் துணியும் வாங்கி வைத்துக்கொண்டேன்.

என்ன நடந்தது என்பது அந்த பஸ்ஸில் வந்த அத்தனை பேருக்கும் தெரியும். பஸ்காரண்ணன் வண்டி எடுக்கும் முன் டயருக்கு எலுமிச்சம்பழம் வைப்பவர். குழுவுக்கும் அதையே செய்தார். ஆட்டம் தொடங்கும் முன் எங்கள் கோல் கம்பங்களின் அடியில் கம்பத்துக்கு ஒன்றாகக் குங்குமம் தடவிய இரண்டு பழங்களைப் புல்லுக்குள் அழுத்தி வைப்பார். சொந்தத் திடலில் நாங்கள் எப்போதும் ஒரே பக்கம்தான் தொடங்குவோம், அதனால் சிக்கல் வந்ததில்லை. தங்காக்கிலும் அந்த நினைப்பிலேயே, காசு சுண்டுவதற்கு முன்பே போய் வைத்துவிட்டார். காசு சுண்டியதில் எதிரணி வென்றது, சரியாக அந்தப் பக்கத்தையே கேட்டது. எங்கள் பழம் அவர்கள் கோலுக்குக் காவல் நின்றது.

நாங்கள் அடித்த பந்தெல்லாம் கம்பத்தில் பட்டுத் திரும்பியது. ஒன்று, இரண்டு, மூன்றாவதும் பட்டபோது பஸ்காரண்ணனால் தாங்க முடியவில்லை. வேலியில் ஏறி, “டேய், பழத்த எடுங்கடா! நம்ம பழம்டா அது!” என்று தொண்டை கிழியக் கத்தினார். முன்னால் இருந்தவர்களுக்குக் கேட்கவில்லை. எங்கள் பக்கமே நின்ற இடது தற்காப்புக்காரருக்குத்தான் கேட்டது. தன் இடத்தைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு அவர் ஓடினார்.

திரையில் அந்த ஓட்டம் இல்லை. அவர் கம்பத்தடியில் குனிவதிலிருந்துதான் காட்சி தொடங்கியது. குனிந்து, எதையோ தோண்டி, கையை மூடிக்கொண்டு நிமிர்கிறார். நாங்கள் போமோ என்னும் மலாய் மந்திரவாதியை வைத்துச் சூனியம் பண்ணிவிட்டதாக அவர்கள் கோல்காவலன் அலறிக்கொண்டு வந்து கையைப் பிடுங்குகிறான். இவர் மூடிய கையை எட்டாத உயரத்துக்குத் தூக்குகிறார். படம் அங்கே உறைந்து நின்றது. ஓங்கிய கை, திறந்த வாய். கீழே மலாயிலும் ஆங்கிலத்திலும் எழுத்து வந்தது: சண்டை தொடங்கிய கணம்.

மாடியில் எல்லோரும் திரையைப் பார்ப்பதை விட்டு என்னைப் பார்த்தார்கள்.

கடைக்காரர் முதலில் வெடித்தார். “தங்கச்சி, இது என்னா படம்? அவரு கையில பழம்தான் இருந்துச்சு. அவரு யாரையும் அடிக்கல. செத்துப்போன மனுசன ரவுடின்னு காட்டுவியா? எடு, இத மொத்தமா எடுத்துடு!”

ஆளாளுக்குக் கத்தினார்கள். அந்த வீடியோவை எடுத்தது எதிரணிக் கல்லூரி ஆசிரியராம். அப்படியானால் அவர்கள் கண்ணில் பட்டதுதானே படத்தில் வரும் என்று ஒருவர் சண்டைக்குப் போனார். பஸ்காரண்ணன் அழுதுகொண்டிருந்தார். அந்தப் பெண் வெளிறிப்போய் என்னிடம் வந்தாள். “சாரி ஆண்ட்டி, எனக்குப் பழம் மேட்டர் தெரியாது. யாருமே சொல்லல. நீங்க வேணாம்னு சொன்னா இந்த சீன வெட்டிடறேன். அங்கிள் வர்றதே இந்த ஒரு இடத்துலதான், ஈசியா வெட்டிடலாம்.”

ஈசியாக வெட்டிவிடலாம். அதைக் கேட்டதும் எனக்கு வந்த கோபம் அவள் மேல் இல்லை, என் மேல் இவ்வளவு அக்கறை வைத்திருந்த அத்தனை பேர் மேலும்தான். நான்கு வருடம் கழித்து என் மனிதர் குனிந்து நிமிர்ந்ததை இப்போதுதான் பார்க்கிறேன். நிமிரும்போது இடது கையை முழங்காலில் ஊன்றி எழுந்தார். அந்த வயதிலேயே! ஐம்பது வயதிலும் அப்படித்தான் எழுவார், மூட்டு வலி என்று நினைத்துத் தைலம் தேய்த்துவிட்டிருக்கிறேன். அது வலியே இல்லை, அவர் எழுந்திருக்கும் விதமே அதுதான். இதை எனக்குக் காட்டிவிட்டு, மானம் போகிறது, வெட்டு என்கிறார்கள்.

எழுந்து நின்றேன்.

“யாரும் எதையும் வெட்ட வேணாம். ரவுடின்னு சொல்றவங்க சொல்லிட்டுப் போகட்டும். அவருக்கே அதுல வெட்கம் இருந்ததில்ல. என்கிட்ட அவரு அசையிற படம் வேற ஒண்ணும் இல்லண்ணே. இதையும் வெட்டிட்டா நான் எங்க போய்ப் பார்ப்பேன்?”

கடைக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பஸ்காரண்ணன் மட்டும் என் பக்கம் திரும்பி, “நான்தான்மா கத்துனேன். நான் கத்தாம இருந்திருந்தா…” என்றார்.

“கத்தாம இருந்திருந்தா எனக்குக் கல்யாணமே ஆயிருக்காதுண்ணே,” என்றேன். பொய்யில்லை. அன்றைக்குத் திரும்பும்போது அவர் வீங்கிய உதட்டோடு பஸ் படியில் தனியாக உட்கார்ந்திருந்தார். அதுவரை அவரோடு ஒரு வார்த்தை பேசாதவள், நான் குடித்துக்கொண்டிருந்த ஐஸ் சிராப் பொட்டலத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் குடிக்கவில்லை, உதட்டில் ஒத்திக்கொண்டார். பழம் எங்கே என்று கேட்டேன். பையிலிருந்து எடுத்துக் காட்டினார், நசுங்கிப் போயிருந்தது. நான் இறங்க வேண்டிய கூலாய் வந்து சேரும் வரை இருவரும் சிரித்துக்கொண்டே வந்தோம். அன்றிலிருந்து அவர் திடலில் ஓடியதில்லை. எங்கள் குழுவே அத்தோடு முடிந்தது.

படம் முடிந்தபின் எல்லோரும் தே தாரிக் குடிக்கக் கீழே இறங்கினார்கள். எலுமிச்சம்பழக் கதையைச் சொல்ல பஸ்காரண்ணனைப் பேட்டி எடுத்துச் சேர்ப்பதாக அந்தப் பெண் ஒப்புக்கொண்டிருந்தாள். கடைக்காரர் தன் பேட்டியையும் எடுக்கச் சொல்லி நச்சரித்தார். நான் மட்டும் மாடியில் தங்கி அவளிடம் மெதுவாகக் கேட்டேன், அவர் குனிவதற்கு முன்னால் ஏதாவது இருக்கிறதா என்று.

அவள் மடிக்கணினியைத் திறந்து தேடினாள். “கொஞ்சம் இருக்கு ஆண்ட்டி. ஆனா அதுல ஒண்ணுமே நடக்கல. சும்மா ஓடுறாரு. அதான் எடுத்துட்டேன்.”

“அதப் போடும்மா.”

போட்டாள். கேமராக்காரர் பந்து வெளியே போனதால் சும்மா திடலைக் காட்டிக்கொண்டிருந்திருக்க வேண்டும். எங்கள் பக்கத்திலிருந்து ஒருவர் தனியாகக் கிளம்புகிறார். சட்டை பாதி வெளியே தொங்குகிறது. மோவாயைத் தூக்கிக்கொண்டு, இடது முழங்கையை உடம்பில் ஒட்டாமல் வெளியே நீட்டிக்கொண்டு, பஸ்ஸைத் தவறவிடப் போகிறவர் போல ஓடுகிறார். வலது தோள்தான் முன்னால் வருகிறது. ஆமாம், வலது தோள். கதவைத் திறந்து வரும்போதும் அதுதான் முதலில் வரும். நடுவில் ஒருமுறை முன்கையால் நெற்றியைத் துடைக்கிறார். அவர் பின்னால் லேடாங் மலை மங்கலாக நிற்கிறது, யாரும் அவரைத் தடுக்கவில்லை, யாரும் அவரைப் பார்க்கக்கூட இல்லை. நான் வாயைப் பொத்திக்கொண்டேன். இத்தனை நாள் அடக்கி வைத்திருந்தது எல்லாம் கண்ணில் வந்து நின்றது. மனிதர் ஓடிக்கொண்டே இருந்தார். கோல் கம்பம் திரையின் ஓரத்தில் தெரியத் தொடங்கியது.

“நிறுத்தும்மா, நிறுத்து!” என்றேன்.

அவள் பதறி நிறுத்தினாள். “ஏன் ஆண்ட்டி? இனிமேதானே…”

“தெரியும். அவரு அங்க போய்ச் சேர வேணாம். முதல்லேர்ந்து போடு.”

அவள் முதலிலிருந்து போட்டாள். அவர் மறுபடியும் எங்கள் பக்கத்திலிருந்து கிளம்பினார்.