அருவித் துணிக்குப் பின்னால்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன், நீங்கள் கண்டுபிடித்துச் சொல்கிற சிரமம் வேண்டாம்: நான் ஒரு முட்டாள். அடக்கத்துக்காகச் சொல்லவில்லை, ஆதாரம் இருக்கிறது. கல்வராயன் மலை மேல், திறந்தவெளியில், துணிச் சுவர் நிறுத்தப் போனவன் நான். அதன் அடிக்காலில் வைக்க ஒரு பாரமும் எடுத்துக்கொண்டு போகவில்லை. மலையில் காற்றடிக்கும் என்பது ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். நான் பன்னிரண்டாவது வரை படித்ததால் மறந்துவிட்டேன்.

கள்ளக்குறிச்சியில் விசேஷங்களுக்குத் துணித் தடுப்பும் பின்திரையும் வாடகைக்கு விடுவது என் பிழைப்பு. பெரிய வித்தை ஒன்றுமில்லை. அலுமினியக் குழாய்களை ஒன்றுக்குள் ஒன்று செருகினால் எட்டடிக்கு எட்டடி சட்டம். படம் அச்சடித்த, இழுத்தால் நீளுகிற துணியைத் தலையணை உறை மாதிரி அதற்கு மாட்டி, கீழே ஜிப்பை இழுத்தால் சுவர். ஒன்று போதவில்லை என்றால் பக்கத்தில் இன்னொன்று. மண்டபங்களில் நான் எதை எதையோ மறைத்திருக்கிறேன். கை கழுவுகிற இடம், கழுவாத அண்டா, கோபித்துக்கொண்டு தனியாகச் சாப்பிடுகிற தாய்மாமன். எங்கள் சர்ச்சில் கிறிஸ்துமஸ் குடிலுக்குப் பின்னால் இருந்த ஜெனரேட்டரைக்கூட நட்சத்திர வானமாக மாற்றியவன் நான்தான்.

சட்டம் ஆடாமல் இருக்க எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. சமையல்கட்டுக்குப் போய், மறுபந்திக்கு வைத்திருக்கும் அரிசி மூட்டையில் இரண்டைக் கேட்டு வாங்கி அடிக்காலில் கிடத்திவிடுவோம். கல்யாண வீட்டில் இதற்கு இல்லையென்று யாரும் சொன்னதில்லை. அதனால் இத்தனை வருஷத்தில் சொந்தமாக ஒரு மணல் மூட்டை தைத்துக்கொள்ள வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஊரார் அரிசியில் நின்ற தொழில்.

விழாக்களை எடுத்து நடத்தும் ஏற்பாட்டாளர் ஒருவர் ஒருநாள் போன் செய்தார். சென்னையிலிருந்து ஒரு சங்கத்துக்காரர்கள் வருகிறார்கள், மலையில் ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குப் பையும் நோட்டும் கொடுக்கப் போகிறார்கள் என்றார்.

"மேடைக்குப் பின்னால ஒரு திரை போடு. இடது பக்கம் நாலு தடுப்பு நிறுத்து."

"இடது பக்கம் இன்னா சார் இருக்குது?"

"போட்டோவுல வரக்கூடாதது இருக்குது. நல்லா இயற்கையா ஒரு படம் போட்டுக்கினு வா."

இயற்கையாக ஓர் அருவி போட்டேன். நெட்டில் கிடைத்தது. எந்த நாட்டு அருவி என்று எனக்கே தெரியாது. சொந்தமாக அருவி வைத்திருக்கிற மலைக்கு, நான் வெளிநாட்டு அருவியை மடித்து எடுத்துக்கொண்டு, குட்டியானை என்கிற ஒரு சின்ன லாரியில் ஏறினேன். கச்சிராயபாளையம் தாண்டி வளைவுகளில் வண்டி திரும்பும்போதெல்லாம் குழாய்கள் பின்னால் சலசலவென்று என்னைத் திட்டிக்கொண்டே வந்தன. டிரைவர் என்னைவிட மூத்தவர். பாதி வழியிலேயே தெளிவாகச் சொல்லிவிட்டார். "நான் வண்டி ஓட்ட வந்தேன். கம்பி கிம்பி புடிக்கச் சொல்லாதே."

பள்ளிக்கூடத்து மைதானத்தில் இறங்கியதும் இடது பக்கம் பார்த்தேன். சத்துணவு சமைக்கிற கூடம். ஏதோ ஒரு மழைக்காற்றில் மரம் சாய்ந்து பாதி ஓட்டுக் கூரையைக் கொண்டுபோயிருந்தது. போன பாதிக்கு நீல நிறத் தார்ப்பாய் கட்டியிருந்தது. வாசலில் கரண்டியோடு ஒரு பெண் நின்றிருந்தாள். அங்கே சமைக்கிறவள். நாற்பது வயது இருக்கும். நான் குழாய்களை இறக்குவதை, திருடன் சாமான் கொண்டுவந்து வைப்பதைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள்.

"இன்னாத்த கட்டப்போறே?"

"சுவருதான்க்கா. துணிச் சுவரு."

"எங்களுக்குக் கூரை இல்ல. நீ சுவரு கட்ட வந்தியா?"

"ஆர்டர் குடுங்க, கூரையும் துணியிலயே போட்டுத் தர்றேன்" என்றேன்.

மைதானத்தில் பிள்ளைகளை உட்கார வைத்துக்கொண்டிருந்த இரண்டு தாய்மார்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒருத்தரும் சிரிக்கவில்லை. மண்டபத்தில் இதற்குக் கை தட்டியிருப்பார்கள்.

"யாரை நீ அக்கான்றே?" என்று மட்டும் கரண்டிக்காரி கேட்டாள்.

மேடைத் திரையைப் பள்ளிக்கூடத்துச் சுவரோடு கட்டிவிட்டு, தடுப்புக்கு முதல் சட்டத்தை நிறுத்தினேன். காற்று வந்தது. சட்டம் மரியாதையாக என் முதுகில் சாய்ந்தது. நிமிர்த்தினேன், மறுபடி சாய்ந்தது. அப்போதுதான் பாரம் இல்லை என்பது உறைத்தது. பழக்கதோஷத்தில் கூடத்துக்குள் எட்டிப் பார்த்தேன். தரை ஈரம் படாத ஒரு கல்மேடை மேல் இரண்டு அரிசி மூட்டை இருந்தது. என் முகம் மலர்ந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

"அக்கா, அந்த ரெண்டு மூட்டையைக் கொஞ்சம் குடுங்க. ரெண்டு மணி நேரத்துல திருப்பி வெச்சிடறேன்."

"எதுக்கு?"

"அடிக்கால்ல வெக்கத்தான். காத்துல வுழாம நிக்கும்."

அவள் கரண்டியை ஓரமாக வைத்தாள். கோபத்தில் எறிந்திருந்தால்கூட எனக்குப் பரவாயில்லையாக இருந்திருக்கும். நிதானமாக வைத்தாள்.

"புள்ளைங்க அரிசிய எடுத்து உன் கம்பி மேல வெச்சி, என் அடுப்பை மறைப்பே. மறைச்சி முடிச்சிட்டு அதே அரிசிய எங்கிட்ட குடுப்பே. நான் அதைப் பொங்கி அதுங்களுக்குப் போடணும். ஏன்யா, உங்க ஊர்ல கேக்கறதுக்கு முன்னால யோசிக்கவே மாட்டீங்களா?"

யோசிக்க மாட்டோம். ஆனால் அதை அவளிடம் சொல்லவில்லை. கூடத்தை ஒட்டி ஒரு கல் குவியல் தெரிந்தது. சத்தமில்லாமல் குனிந்து ஒன்றைத் தூக்கினேன்.

"கையை எடு. அது செவுத்துக்குன்னு நாங்க பொறுக்கி வெச்ச கல்லு."

"மலை பூரா கல்லுதானேக்கா?"

"அப்ப மலைக்குப் போய்ப் பொறுக்கு."

போனேன். மலையில் இரண்டு வகைக் கல்தான் இருக்கிறது என்று அன்று தெரிந்தது. ஒன்று, என்னால் தூக்க முடியாதது. இன்னொன்று, தூக்கி வந்தால் தேங்காய் மாதிரி உருண்டு ஓடுவது. டிரைவர் வண்டிக்குள் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு நான் கல் சுமப்பதைப் பார்த்தார். நான்கு கற்களை அடிக்காலில் வைத்தேன். நான்கும் பிள்ளைகள் பக்கம் உருண்டன. பிள்ளைகள் காலால் தட்டித் திருப்பி அனுப்பின.

ஏற்பாட்டாளர் முன்னாலேயே வந்து இறங்கிவிட்டார். நேராகச் சமையல் கூடத்துக்குப் போய் அந்தப் பெண்ணிடம், "இவங்க கெளம்பற வரைக்கும் நீ இந்தப் பக்கமே இரும்மா, முன்னால வராதே" என்றார். பிறகு என்னிடம் வந்தார். "கடைசி வளைவுல வந்துட்டாங்க. இது இன்னும் ஆடிக்கினு இருக்குது? கையால புடிச்சிக்கினு நில்லு. பின்னால நின்னா ஆள் தெரியாது."

ஆக, என் தொழில் வாழ்க்கையில் முதல் முறையாக, என் துணிக்குப் பின்னால் நானே போய் நின்றேன். நான்கு தடுப்பையும் ஒன்றாகப் பூட்டி, நடுவில் நின்று, இரண்டு கையையும் விரித்து இரண்டு பக்கத்துக் குறுக்குக் குழாயையும் பிடித்துக்கொண்டேன். எங்கள் சர்ச்சில் பெரிய வெள்ளி நாடகத்தில் எனக்கு எப்போதும் கள்ளன் வேஷம்தான் தருவார்கள், சிலுவையில் இயேசுவைக் கேலி பண்ணுகிற கள்ளன். ஒத்திகை இவ்வளவு உதவும் என்று அன்றுவரை எனக்குத் தெரியாது.

முன்னால் அருவி. பின்னால், கைக்கெட்டும் தூரத்தில் அவளுடைய அடுப்பு. பெரிய அண்டாவில் விழாவுக்குச் சர்க்கரைப் பொங்கல் வெந்துகொண்டிருந்தது. அடுப்புக்கு மேலே, தார்ப்பாய் கிழிந்த இடத்தில், ஒரு கறுப்புக் குடையை விரித்துக் கயிற்றால் கட்டித் தொங்கவிட்டிருந்தாள். அண்டாவில் தண்ணீர் சொட்டக்கூடாது என்று. நான் கழுத்தைத் திருப்பி அந்தக் குடையையே பார்த்தேன். சிரிக்க ஏதாவது கிடைக்குமா என்று பார்த்தேன்.

"போன தடவை வந்தவங்ககிட்ட வாயால சொன்னேன்" என்றாள், என்னிடம் இல்லை, அண்டாவிடம். "தலைய ஆட்டி ஆட்டி எழுதிக்கினு போனாங்க. கண்ணால பாத்தாதான் ஒறைக்கும். இன்னிக்கு கார் வருது, எறங்கினதும் எதிர்ல இதுதான் தெரியும்னு நெனச்சிக்கினு இருந்தேன். நீ வந்து சேர்ந்தே, துணியத் தூக்கிக்கினு."

"நீங்களே முன்னால போய்க் கூட்டியாந்து காட்டலாமே?"

"வராதேன்னு சொன்னது உன் காதுல வுழல? போனா நாளைக்கி இந்தக் கரண்டி வேற ஒருத்தி கையில இருக்கும்."

கார்கள் வந்தன. வரவேற்பு, பொன்னாடை, கைத்தட்டல். துணி வழியாக எனக்கு எல்லாம் கேட்டது. காற்று வரும்போதெல்லாம் அருவி முன்னால் உப்பி என்னையும் சேர்த்து இழுத்தது. சங்கத்தின் தலைவர் மைக்கைப் பிடித்தார். நல்ல குரல். பேசிக்கொண்டே வந்தவர் நிறுத்திவிட்டு, "அங்க பாருங்க, அருவிக்கு மேல பனி எறங்குது! இந்த நேரத்துலயும் பனி! எவ்வளவு குடுத்து வெச்சவங்க நீங்க" என்றார்.

அவள் நிமிர்ந்தாள். நானும் மேலே பார்த்தேன். அவளுடைய அடுப்புப் புகைதான் துணிக்கு மேலே எழும்பிப் போய்க்கொண்டிருந்தது.

அவள் மூலையிலிருந்து ஈர விறகு இரண்டைக் கொண்டுவந்து அடுப்பில் செருகினாள். குபுகுபுவென்று புகை கிளம்பியது. எங்கிருந்து புகை வருகிறது என்று யாராவது ஒருத்தர் எட்டிப் பார்க்கமாட்டார்களா என்றுதான் அதைச் செய்தாள். எனக்கு அது புரிந்தது. என் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. துடைக்கக் கை இல்லை. அந்தப் பக்கம், "சார், பனியோட ஒரு போட்டோ!" என்று யாரோ கத்தினார்கள். நாற்காலிகள் இழுபட்டன. செல்போன்கள் க்ளிக் க்ளிக் என்றன. ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை.

ஈர விறகு அவளையும் இருமவைத்தது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றாள். முதல் முறையாகக் கொஞ்சம் தணிந்த குரலில் பேசினாள்.

"கைய வுடு."

"இன்னாக்கா?"

"கைய வுடு. வுழட்டும். காத்து தள்ளிடுச்சின்னு சொல்லிக்கலாம். உம்மேல ஒரு பேச்சும் வராது."

அவள் சொன்னது சரி. காற்றின் மேல் பழி போட்டிருக்கலாம். அதைவிட நல்ல சாக்கு ஒருவனுக்கு வாழ்நாளில் கிடைக்காது. இரண்டு விரலைத் தளர்த்தினால் போதும். தடுப்பு முன்னால் சாயும், அத்தனை காமிராவும் எங்கள் பக்கம் திரும்பும், குடையைப் பார்க்கும்.

"வுட்டா நானும் சேந்து பறந்துடுவேன்க்கா" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. என் முகத்தைப் பார்த்தாள். பிறகு என் கைகளைப் பார்த்தாள். நான் குழாயை இன்னும் இறுக்கிப் பிடித்திருந்தேன்.

முன்னால் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்கள் மேல் விழுந்துவிடும் என்று பயந்ததாக ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் பதினைந்து அடி தள்ளி உட்கார்ந்திருந்தார்கள், நானே கோடு போட்டுக் காட்டிய இடத்தில். உண்மை வேறு. என் துணி விழுந்தது என்று கள்ளக்குறிச்சியில் யாரும் பேசக்கூடாது. அவ்வளவுதான் காரணம். சங்கராபுரம், திருக்கோவிலூர் பக்கமெல்லாம் மண்டபத்துக்கு மண்டபம் நான் ஜோக் அடித்துச் சம்பாதித்த நல்ல பேர் அது. அன்று ஒரு சமையல் கூடத்தின் கூரையை விட அது எனக்குப் பெரிதாகத் தெரிந்தது.

அவள் திரும்பிப் போய் ஈர விறகை வெளியே இழுத்துத் தண்ணீர் தெளித்து அணைத்தாள். பொங்கலைக் கிண்டினாள். அதன் பிறகு என் பக்கம் திரும்பவே இல்லை. நான் மட்டும் ஒரு மணி நேரம் கையை விரித்துக்கொண்டு அவளுடைய முதுகைப் பார்த்தபடி நின்றேன்.

காகிதத் தட்டில் ஆளுக்கு ஒரு கரண்டி பொங்கல் போய்ச் சேர்ந்தது. அருமை என்று சொன்னார்கள். சமைத்தது யார் என்றுகூட ஒருத்தர் கேட்டார், "உள்ளூர்ப் பெண்கள்" என்று ஏற்பாட்டாளர் பதில் சொன்னார். பிறகு அருவி பார்க்கப் போக வேண்டும், நேரமாகிறது என்று கார்கள் கிளம்பிவிட்டன. ஆமாம், நிஜ அருவிக்கு.

ஏற்பாட்டாளர் என் தோளில் தட்டினார். "சூப்பர்ப்பா. ஒரு ஓடுகூட தெரியல."

கையைத் தளர்த்தினேன். கை தளரவில்லை, விரல்கள் குழாய் வடிவத்திலேயே நின்றுவிட்டன. துணியைக் கழற்றினால் முன்பக்கம் பளபளவென்று அருவி. பின்பக்கம் முழுக்கப் புகைக் கரி. நடுவில் மட்டும் கரி படாமல் வெள்ளையாக, கை விரித்த ஓர் ஆள் உருவம். என்னையே நான் அச்சடித்துக்கொண்டு வந்திருந்தேன்.

அவள் அண்டாவைச் சுரண்டிக் கழுவிக்கொண்டிருந்தாள். தார்ப்பாய் காற்றில் படபடத்தது. காலையில் அடித்த ஜோக் ஞாபகம் வந்தது. இந்தத் தடவை ஜோக்காக இல்லாமல், நிஜமாகவே, நான்கு துணியையும் மடித்து அவள் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தேன்.

"அக்கா, இதை வெச்சிக்குங்க. கூரைக்கு ஆவும்."

அவள் ஈரக் கையால் துணியின் ஒரு மூலையைத் தேய்த்துப் பார்த்தாள்.

"ஒழுகும். எடுத்துக்கினு போ."